மண் கழுவி எடுத்த சிறு புதைபடிவங்கள்: செங்கோட்டை - கொல்லம் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கொல்லத்திலிருந்து: அண்ணாச்சி, படப்பக்கரையில் அஷ்டமுடிக் காயலோரம் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக் கட்டியை ஊறவைத்தேன். பொட்டு மாதிரி வட்டத் தட்டுகள் வந்தன, இரண்டு மூன்று மில்லிமீட்டர். விதையா?

விதை இல்லை தம்பி, ஒற்றைச் செல் உயிரி கட்டிய ஓடு. ஃபொராமினிஃபெரா என்பார்கள். ஒரு தட்டை உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து, ஈரமாக்கி, லென்ஸில் பாருங்கள். வளையம் வளையமாகச் சிற்றறைகள் தெரிந்தால் அதுதான். அங்கே பேர்போன இனம் சூடோடாபெரினா மலபாரிகா. 1853-இல் கார்ட்டர் என்ற இயற்கையியலாளர் மலபாரின் பெயரை அதற்கு வைத்தார். இனத்தை உறுதியாகச் சொல்ல ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய வெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தின் முற்பகுதி, ஏறக்குறைய 1.6 முதல் 2 கோடி ஆண்டு. நீங்கள் நின்ற இடம் அன்று ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். எந்த அடுக்கிலிருந்து விழுந்த கட்டி என்று இன்றைக்கே எழுதிவையுங்கள்.

புனலூரிலிருந்து: களிமண்ணை எப்படிக் கழுவுவது?

முதலில் நன்றாகக் காயவையுங்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவிட்டால் தானே குழையும். கரையாவிட்டால் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு. 63 மைக்ரான் சல்லடையில் மெல்ல விழும் நீரில் அலசி, காயவைத்து, ஈரத் தூரிகை முனையால் ஒன்றொன்றாகப் பொறுக்குங்கள். அடுத்த மண்ணுக்கு முன் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்குங்கள். பழைய மண்ணின் ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகி, கலப்படம் என்று காட்டிவிடும். அமிலம் மட்டும் வேண்டாம்.

தென்மலையிலிருந்து: வினிகர் ஊற்றினால் சீக்கிரம் கரையுமாமே?

வினிகரும் அமிலம்தான், கல்லோடு ஓடும் கரையும். மேலேயே சொன்னேன்.

ஆரியங்காவிலிருந்து: பாறை விரிசலில் பெரணி இலை பதிந்திருக்கிறது.

அது இலை இல்லை, இலை போலப் படர்ந்த மாங்கனீசுக் கறை. உங்கள் மலை கடும் சூட்டில் உருமாறிய பாறை, அதில் இலை தங்காது.

செங்கோட்டையிலிருந்து: வேம்பநாட்டுக் காயலுக்கு அடியில் தோண்டும் வெள்ளைக் கக்காச் சிப்பியும் புதைபடிவம்தானே? சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்த என் மாமா அப்படித்தான் சொல்வார்.

கொல்லத்திலிருந்து: அதே கக்கா இன்றும் காயலில் உயிரோடு இருக்கிறதே, அது எப்படிப் புதைபடிவம்?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. இனம் உயிரோடு இருப்பது தடையே இல்லை, பழைய அடுக்குகளில் இன்றைய இனங்களும் கிடைக்கும். வயதுதான் கணக்கு. வழக்கமாக 10,000 ஆண்டைக் கோடாக வைப்பார்கள். வேம்பநாட்டு ஓடு அதற்கு இந்தப் பக்கம், சில ஆயிரம் ஆண்டு. அரைப் புதைபடிவம் என்பதே பொருத்தம். அந்தக் கோடு மனிதர் போட்டது, இயற்கையில் அப்படி வெட்டு இல்லை. ஆனாலும் அந்த ஓடுகள் மதிப்பு குறைந்தவை அல்ல. காயலில் உப்பும் நன்னீரும் மாறிய கதை அடுக்கடுக்காக அவற்றில்தான் இருக்கிறது. காளவாயில் வேகும்போது அதுவும் சேர்ந்து போகிறதே என்பதுதான் என் வருத்தம். மாமா எந்த ஆழத்திலிருந்து வந்த ஓடு என்று நினைவு வைத்திருந்தால் கேட்டு எழுதிவையுங்கள்.

புனலூரிலிருந்து: வர்க்கலை மேட்டில் சிப்பியே கிடைக்கவில்லை.

அது படப்பக்கரைச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே உள்ள அடுக்கு. அங்கே மணற்கல், களி, பழுப்பு நிலக்கரி. மரத்துண்டும் மகரந்தமும் தேடுங்கள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது, சுத்தியல் வேண்டாம்.

தென்மலையிலிருந்து: குப்பியில் பழைய ஓடு ஒன்று, அவரைப் பருப்பு வடிவம், ஒரு மில்லிமீட்டர். எங்கே எடுத்தது என்று மறந்துவிட்டது. பெயர், காலம் சொல்லுங்கள்.

இரண்டு மூடி சேர்ந்திருந்தால் ஆஸ்ட்ராகோட், இறால் கூட்டத்தைச் சேர்ந்தது. காலம் சொல்ல முடியாது. இடம் தெரிந்த மண் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.