செவரினி சர்ச்சுக்குப் போனது தோல்வியா? (கடிதம்)

அண்ணா வணக்கம்,

இத்தாலிய ஓவியர் ஜீனோ செவரினி பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். மியூசியத்தை எல்லாம் ஒழிக்கணும்னு கத்தின கோஷ்டியில இருந்த ஆள், கடைசில சர்ச் சுவத்துல மொசைக் கல்லு ஒட்டப் போயிட்டாரே, எனக்கு அது தோத்துப்போன மாதிரிதான் படுது. எங்கப்பா முப்பது வருஷமா டைல்ஸ் ஒட்டுறார், அவரை யாரும் ஆர்ட்டிஸ்ட்னு சொன்னதில்ல. ஒட்டுறதுல ஆர்ட் எங்க இருக்கு?

ஒரு வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூர்

தம்பி,

உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன், அப்பா பத்தி எழுதின அந்த வரிக்காகவே.

மியூசியம் விஷயம் உண்மைதான். வேகத்தையும் மெஷினையும் கொண்டாடின ஃபியூச்சரிசம்ங்குற இயக்கத்தை ஆரம்பிச்ச இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி, 1909ல பாரிஸ் பேப்பர்ல போட்ட அறிக்கையில அது இருக்கு, அடுத்த வருஷம் ஓவியர்கள் விட்ட அறிக்கையில செவரினியும் கையெழுத்து போட்டார். ஆனா அவர் அப்போ என்ன வரைஞ்சார்னு பாருங்க. ரோம்ல ஓவியர் ஜாக்கமோ பல்லாகிட்ட அவர் கத்துக்கிட்டது கலரைக் கலக்காம புள்ளி புள்ளியா, கோடு கோடா பக்கத்துல பக்கத்துல வச்சு நம்ம கண்ணையே கலக்க விடுற முறை, 1906ல பாரிஸுக்குப் போனப்புறம் புள்ளி ஓவியத்துக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் சூராவோட படங்களைப் பாத்து அதுலயே இன்னும் ஆழமா இறங்கிட்டார். 1912ல பாரிஸ்ல இருந்த 'பால் தபாரின்'ங்குற டான்ஸ் ஹாலை வரைஞ்ச படத்துல பெயிண்ட் மேல நிஜ ஜிகினாவையே ஒட்டியிருக்கார். அவங்கம்மா துணி தைக்கிறவங்க, அந்த ஜிகினா வீட்டுல இருந்து வந்த ஞாபகமா இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். ஒட்டுற வேலை சர்ச்சுல ஆரம்பிக்கல தம்பி, டான்ஸ் ஹால்லயே ஆரம்பிச்சாச்சு.

நம்ம ஊர்ல மொசைக்னா மார்பிள் சிப்ஸ் போட்டு மெஷின் வச்சு பாலிஷ் பண்ற தரைதான் ஞாபகம் வரும். அவர் செஞ்சது வேற, கண்ணாடியையும் கல்லையும் சுத்தியலால சின்னச் சின்னதா உடைச்சு அடுக்குறது. தங்கக் கலர் வேணும்னா தங்கத் தகடை ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு உருக்கின துண்டு. இத்தாலியில ராவென்னாங்குற ஊர்ல இருக்கிற பழைய சர்ச்சுங்கள்ல இந்தத் துண்டுகளை மட்டமா வைக்காம லேசா சாய்ச்சு வச்சிருக்காங்க, நீங்க நடக்க நடக்க ஒவ்வொண்ணும் வேற நேரத்துல மின்னும். வேகத்தை வரையணும்னு தவிச்ச ஒரு ஆளுக்கு இதைவிட என்ன வேணும், படம் அசையாது, வெளிச்சம் அசையுதே!

1920கள்ல தத்துவவாதி ஜாக் மாரித்தேனோட நட்பு, திரும்பவும் கத்தோலிக்க நம்பிக்கை, ஸ்விட்சர்லாந்துல செம்சாலேங்குற ஊர் சர்ச் வேலை, அப்புறம் அங்கயே இன்னும் பல சர்ச்சுங்க. காசுக்காகப் போனார்னு சுலபமா சொல்லிடலாம், நான் அப்படி நினைக்கல. ஏன்னா சொந்த ஊர் கொர்தோனாவுல, ரெண்டாம் உலகப்போர்ல ஊர் தப்பிச்சதுக்கு நன்றியா, புனித மார்கரீத்தா கோயிலுக்கு ஏறுற ரோட்டோரமா சிலுவைப் பாதையை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போன காட்சிகளை, மொசைக்ல செஞ்சு கொடுத்தார். காய்கறிப் பையோட மேல ஏறுறவங்களும் நின்னு மூச்சு வாங்கிட்டுப் பாக்குற இடம் அது. செப்டம்பர் 8க்கு சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோயில் கூட்டத்துல நின்னிருந்தீங்கன்னா நான் சொல்றது புரியும், அங்க வர்றவங்க யாரும் ஆர்ட் பாக்க வரல, ஆனா பாக்குறாங்க.

அப்பா விஷயம். டிசைன் யாரோடது, கை யாரோடதுங்குறது மொசைக்ல ரொம்பப் பழைய கேள்வி. பல பெரிய வேலைகள்ல ஓவியர் முழு அளவுல வரைபடம் போட்டுக் கொடுப்பார், அடுக்குறது வேற கைங்க. துண்டைப் பேப்பர்ல தலைகீழா ஒட்டி, சுவத்துல அழுத்தி, பேப்பரை நனைச்சு உரிப்பாங்க. உங்கப்பா ஸ்விம்மிங் பூல்ல கிளாஸ் மொசைக் ஒட்டியிருந்தா இதே முறைதான். அந்த வேலையாளுங்க பேரு முக்கால்வாசி எங்கயும் இல்ல, அது அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

பேப்பரை எப்போ உரிக்கணும்னு அப்பாவுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டு எழுதுங்க. நேரம் பாத்தா, இல்ல விரல்ல தொட்டா?