மாத்திரைச் செலவில் நம் பங்கு எவ்வளவு?

காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்து ஓய்வு பெற்ற கும்பகோணத்துக்காரர் பதில் அளிக்கிறார்.

பாபநாசம் வாசகர்: ஐயா, சர்க்கரை மாத்திரைக்கே மாதாமாதம் பணம் கரைகிறது. மருத்துவக் காப்பீட்டில் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. இங்கே விற்கும் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வாய் திறக்கும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், வீடு திரும்பியபின் 60 நாள் மருந்துச் செலவு பலவற்றில் உண்டு; அதுவும் எந்த நோய்க்குச் சேர்ந்தீர்களோ அதற்கு மட்டும். மருந்துச் சீட்டும் பில்லும் சேர்ந்தே இருக்க வேண்டும். துண்டுத்தாளில் தொகை எழுதி வாங்காதீர்கள்.

மன்னார்குடி வாசகி: அம்மா நியூஜெர்சியில் அண்ணனோடு இருக்கிறார். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரின் 'பார்ட் டி' மருந்துத் திட்டத்தில், 2,100 டாலருக்கு மேல் கைச்செலவே கிடையாது என்கிறான் அண்ணன். உண்மையா?

பாதி உண்மை, அம்மா. 2026ஆம் ஆண்டுக்கு அதுதான் உச்சவரம்பு. கணக்கைப் பாருங்கள். தொடக்கக் கழிவு, அதாவது திட்டம் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை, சில திட்டங்களில் இல்லை. இருந்தால் 615 டாலர் வரை போகலாம். அதுவரை முழு விலையும் அம்மாவுடையது. பிறகு, பொதுவான திட்டத்தில், விலையில் 25 சதவீதம். ஆண்டுக்கு 3,000 டாலர் மருந்து என்றால் 615 போக மீதி 2,385. அதில் கால் பங்கு சுமார் 596. ஆகக் கைச்செலவு 1,211 டாலர். வரம்பை எட்டவே இல்லை, பாருங்கள்.

அண்ணன் சொல்லாமல் விட்டது: மாதப் பிரீமியம் இந்த வரம்பில் சேராது. திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்தும் சேராது. அம்மா ஊருக்கு வந்து மன்னார்குடிக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்தத் திட்டம் ஒரு காசும் தராது. பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அண்ணனை அப்போது உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகர்: அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரைக்குக் காப்பீடு உண்டா?

பாபநாசத்துக்குச் சொன்னதேதான்.

நாகப்பட்டினம் வாசகர்: தைராய்டு மாத்திரைக்கு?

மேலே படியுங்கள், தம்பி. நோய் மாறினால் விதி மாறாது. அருகில் மக்கள் மருந்தகமோ முதல்வர் மருந்தகமோ இருந்தால் அங்கே விலை கேளுங்கள்.

மயிலாடுதுறை மருந்துக்கடைக்காரர்: எல்லாரையும் அங்கே அனுப்பினால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். மலிவு மாத்திரை வேலை செய்யுமா?

சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் எந்த அட்டையில் வந்தாலும் மெட்ஃபார்மின்தான். மலிவு மாத்திரைக்கும் பெயர்பெற்ற கம்பெனி மாத்திரைக்கும் மருந்துச் சட்டம் ஒன்றே.

அவரே: தரம் குறைந்ததாகச் செய்தி வருகிறதே?

பெயர்பெற்ற கம்பெனிகளின் மருந்துகளும் அந்தச் செய்திகளில் வருகின்றன. உங்கள் கடையிலும் ஜெனரிக் மாத்திரை, அதாவது மருந்தின் பெயரிலேயே விற்கும் மலிவு மாத்திரை, இருக்குமே! அதை வாடிக்கையாளருக்கு என்ன விலையில் தருகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், பேசலாம். பில்லோடு.