செல்டா இனி எந்தப் பக்கம் போகலாம்?

அன்புள்ள சார்,

வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நிண்டெண்டோவின் செல்டா தொடரைப் பற்றி ஒரு கேள்வி. நான் ஒக்கரினா ஆஃப் டைம் வழியாக இந்தத் தொடருக்குள் வந்தவன். பிரெத் ஆஃப் தி வைல்ட் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பாதியிலேயே நின்றுவிட்டது. எதைச் செய்தாலும் சரி, எந்த வரிசையில் செய்தாலும் சரி என்று ஆனபிறகு எதையும் செய்ய மனம் வரவில்லை. பழைய மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் புதிரும் எதிரிகளும் நிறைந்த டன்ஜன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புதுக் கருவி என்று வந்தால்தான் தொடர் பிழைக்கும் என்று நினைக்கிறேன். ஆயுதங்கள் உடைவதையும் நிறுத்த வேண்டும். நண்பர்களோ, 'அதெல்லாம் பழைய நினைப்பு, இனி அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள்' என்கிறார்கள். அடுத்த செல்டா எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. என் தங்கை இப்போதுதான் கேம் விளையாடத் தொடங்குகிறாள். எந்த செல்டாவைக் கொடுக்கலாம்?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

முதலில் ஓர் எச்சரிக்கை. டியர்ஸ் கதையின் பெரிய திருப்பம் ஒன்றைக் கீழே சொல்லப் போகிறேன். மறுபடி தொடங்கி முடிக்கும் எண்ணம் இருந்தால், முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதைத்தான் தொடரின் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும் ஏறக்குறைய சொல்லியிருக்கிறார். 2023இல் ஒரு பேட்டியில் இந்தப் பேச்சு வந்தபோது, கட்டுப்பாடு அதிகமுள்ள ஒரு விளையாட்டுக்கு ஏன் திரும்பிப் போக வேண்டும் என்று அவர் கேட்டார். பழைய நினைவுகளின் ஈர்ப்பு தனக்கும் புரிகிறது என்றார். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் உங்களுக்கு நடந்ததை அந்தப் பதில் தொடவில்லை. நீங்கள் இழந்தது வரிசையை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. நான் வேறொன்றைச் சொல்வேன்: ஓர் இடத்துக்குத் திரும்பி வருவதற்கான காரணம் போய்விட்டது.

ஒக்கரினாவை நினைத்துப் பாருங்கள். சிறுவனாகக் கோட்டை நகரத்துச் சந்தையில் சுற்றுகிறீர்கள். நாய்கள், ஆடுகிற ஜோடி, கடைகள். வாளை உருவியதும் ஏழு வருடம் போய்விடுகிறது. அதே சந்தைக்கு வந்தால் பிணங்கள் நின்று அலறுகின்றன. அங்கிருந்தவர்கள் காகரிகோ கிராமத்தில் ஒண்டியிருக்கிறார்கள். பண்ணையை வேலைக்காரன் இங்கோ பிடித்துக்கொண்டான். சிறுவனாக மண்ணில் போட்ட மந்திர அவரை, பெரியவனாக வரும்போது உங்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிற இலையாக வளர்ந்து நிற்கிறது. கருவிகள் கதவைத் திறந்ததும் உண்மைதான். எட்டாத மேட்டை முதலில் பார்த்து வைப்பது, கொக்கிச் சங்கிலி கிடைத்ததும் அந்த மேடு நினைவுக்கு வருவது, இதெல்லாம் பெரிய சுகம். ஆனால் அந்தச் சுகத்தில் பாதி, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நிலத்துக்கு மீண்டும் போவதில் இருந்தது.

பிரெத்தில் இயக்குநர் ஹிடேமாரோ புஜிபயாஷியின் குழு இதை வேண்டுமென்றே கைவிட்டது. தொடரில் வழக்கமாகிப் போன எல்லாவற்றையும் கேள்வி கேட்பது என்று முடிவெடுத்தார்கள். தொடக்கப் பீடபூமியில் உள்ள, ஷ்ரைன் எனப்படும் நான்கு சிறு புதிர்க்கூடங்களிலேயே முக்கியமான சக்திகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு நேராகக் கோட்டைக்கே போய் வில்லன் கேனனோடு சண்டை போடலாம். பூட்டே இல்லாத உலகம். அதற்குப் பதிலாக அவர்கள் கொடுத்தது இரண்டு. ஒன்று, நெருப்பும் காற்றும் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றோடொன்று வினைபுரிகிற விதிகள். புல்லில் தீ வைத்தால் மேலே எழும் காற்றில் பாராகிளைடரைப் பிடித்துப் பறக்கலாம். இன்னொன்று, பார்வையை மறைக்கிற முக்கோண மேடுகள். ஏறுவதா, சுற்றிப் போவதா என்று ஒவ்வொரு குன்றும் கேட்கிறது. தாண்டியதும் புதிதாக ஒன்று தெரிகிறது. 2017இல் ஜப்பானில் நடந்த செடெக் (CEDEC) என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதை அவர்களே விளக்கினார்கள். எனக்கு இன்றும் அது நிலவடிவமைப்பின் அழகான பாடம்.

ஆனால் முக்கோணம் முன்னோக்கி மட்டுமே இழுக்கும். அடுத்த குன்று, அதற்கு அடுத்தது. ஒரு முறை பார்த்த குன்றுக்கு மறுபடி வர அதில் காரணம் இல்லை. முதல் விளையாட்டில் இது குறையாகத் தெரியவில்லை, எல்லாமே புதிது என்பதால். டியர்ஸ் அதே ஹைரூல் நிலத்தை மறுபடி எடுத்தது. உண்மையில் திரும்பி வருவதைப் பற்றி ஒரு மாபெரும் விளையாட்டைச் செய்ய அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. சில இடங்களில் செய்தும் காட்டினார்கள். கடற்கொள்ளையர் பிடித்த லூரலின் கிராமத்தை மீட்டு, மரம் கொண்டுவந்து கொடுத்து, கூரை வேய்ந்து பழையபடி எழுப்புகிறோம் அல்லவா? முந்தைய விளையாட்டில் அந்தக் கடற்கரையில் திரிந்தவர்களுக்கு அது சும்மா ஒரு சில்லறை வேலை இல்லை. முதல் பாகத்தில் நாமே ஆள் சேர்த்துக் கட்டிய டாரி டவுனுக்கு மறுபடி போய், ஹட்சனின் மகளைப் பார்ப்பதும் அப்படித்தான்.

ஆனால் இவை ஓரங்களில் நின்றுவிட்டன. நடுவில் நடந்தது வேறு. ஃபேன் இரண்டு, ஸ்டியரிங் ஒன்று, ஒட்டினால் பறக்கும் வண்டி தயார். அதை ஓட்டியவருக்கு எந்த மலையும் மலை இல்லை. பிரெத்தில் மழை வந்தால் பாறை வழுக்கும், ஏற முடியாமல் ஓர் இடுக்கில் ஒதுங்கி நிற்போம். அந்த மலை அதனால் நினைவில் நிற்கிறது. இப்படிப் பொருட்களை ஒட்டிச் சேர்க்கிற அல்ட்ராஹேண்ட் சக்தியின் இயற்பியலை இவ்வளவு பிசகாமல் ஓடவைத்தது பெரிய பொறியியல் சாதனை. அதை முழுமனதாகச் சொல்கிறேன். 2022இல் வெளியீட்டை ஒரு வருடம் தள்ளிப்போட்டு அதை மெருகேற்றியதும் வீண்போகவில்லை. ஆனால் நிலத்துக்கு நம்மைத் தடுக்கிற பலம் இல்லாமல் போனால் அது காட்சிப்பொருளாகிவிடுகிறது.

கதைக்கு இன்னும் பெரிய சேதம். டிராகன் கண்ணீர் என்ற பழைய நினைவுக் காட்சிகளை, கடைசி ஒன்றைத் தவிர, எந்த வரிசையிலும் பார்க்கலாம். சீக்கிரமே ஒருவர் மற்றவற்றை எல்லாம் முடித்து, அதனால் திறக்கிற கடைசிக் காட்சியையும் பார்த்து, இளவரசி செல்டா ரகசியக் கல்லை விழுங்கித் தன்னையே மறந்து ஒளி டிராகனாகிவிட்டாள் என்று தெரிந்துகொள்ளலாம். தொடரிலேயே மிகத் துணிச்சலான தியாகம் அது. தெரிந்துகொண்டு கீழே இறங்கினால், ஊர் ஊராக எல்லாரும் 'இளவரசியை அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம்' என்கிறார்கள். நாம் ஆடுகிற நாயகன் லிங்க் ஒரு வார்த்தை சொல்வதில்லை. போலி செல்டாவின் பின்னால் நாமும் போக வேண்டியிருக்கிறது. நான்கு கோயில்களை முடித்தாலும் நான்கு முனிவர்களும் பழைய போரின் கதையை ஏறக்குறைய அதே சொற்களில் சொல்கிறார்கள், எதை யார் முதலில் கேட்பார்கள் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியாததால். நமக்குத் தெரிந்தது அந்த உலகத்துக்குத் தெரியவில்லை. உங்கள் சோர்வு இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வு பழைய வரிசை என்று சொல்வது சுலபம். நான் அதை விரும்பவில்லை. 2011இல் வந்த ஸ்கைவேர்ட் ஸ்வார்டில் வரிசை கடைசிவரை இறுக்கப்பட்டு, கூட வருகிற ஃபை ஒவ்வொரு திருப்பத்திலும் விடையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த இறுக்கத்துக்கு எதிர்வினையாகத்தான் பிரெத் வந்தது. அப்புறம், 1986இல் ஷிகேரு மியாமோதோவும் டகாஷி டெசுகாவும் செய்த முதல் செல்டாவே பெரும்பாலும் நம்மைக் காட்டில் கைவிட்ட மாதிரிதான். எந்தப் புதரை எரிப்பது, எந்தச் சுவரில் குண்டு வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. சுதந்திரம் இந்தத் தொடரின் பிறப்பிலேயே இருக்கிறது. அதே மியாமோதோ, மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வேண்டும்போது போய்ப் பார்க்கிற ஒரு குட்டித் தோட்டத்தைத் தரவே விரும்பியதாகவும் சொல்லியிருக்கிறார். சுதந்திரமும் திரும்பி வருதலும் ஒரே ஆள் கேட்டவைதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? முடியும். செய்து காட்டியவர் புஜிபயாஷியேதான், கேப்காம் நிறுவனத்தில் இருந்த நாட்களில். 2001இல் கேம்பாய் கலருக்கு அவர் இயக்கிய ஒராக்கிள் ஆஃப் சீசன்ஸில் ஒரு கோல் உண்டு. மரத்தின் அடிக்கட்டைமேல் நின்று அதை வீசினால் பருவம் மாறும். குளிரில் ஏரி உறையும், நடந்து கடக்கலாம். கோடையில் கொடி படரும், பிடித்து ஏறலாம். இலையுதிர் காலத்தில் குழிகளை இலை மூடும். ஒரே இடம் நான்கு இடமாகிறது. நிலம் சின்னது, ஆனால் தீர்வதே இல்லை. அதன் ஜோடி விளையாட்டான ஒராக்கிள் ஆஃப் ஏஜஸில் அதே வேலையைக் காலப்பயணம் செய்தது. ஒன்றை முடித்தால் ஒரு ரகசியச் சொல் கிடைக்கும். அதை மற்றதில் கொடுத்தால் கதை தொடரும். அதில் ஒரு தம்பதி தங்கள் கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்வார்கள். அழுதால் என்ன செய்யலாம், எப்படி வளர்க்கலாம் என்று அவ்வப்போது உங்களிடம் யோசனை கேட்பார்கள். நீங்கள் சொன்னதைப் பொறுத்து அவன் எப்படிப்பட்டவனாக வளர்கிறான் என்பது மாறும், இரண்டாவது விளையாட்டிலும் அது தொடரும். கையளவு திரையில், அந்தச் சின்ன கார்ட்ரிட்ஜில்!

2004இல் வந்த மினிஷ் கேப்பும் அவர் இயக்கியதே. ஒரே ஊர். உடம்பு சுருங்கி விரலளவானால் அதே ஊரின் உத்தரங்களில் இன்னோர் ஊர் குடியிருப்பது தெரியும். பெரியவனாக இருக்கும்போது சாதுவாகப் படுத்திருந்த பூனை இப்போது எதிரி. ஊர்க்காரர்களோடு உடைந்த கல்பாதியைப் பொருத்தினால் எங்கோ ஒரு மூலையில் ஏதோ திறக்கும். மனிதர்களிடம் பேசுவதற்கும் நிலம் மாறுவதற்கும் நேரடித் தொடர்பு.

ஆகவே என் ஆசை இது. அடுத்த பெரிய செல்டா, டியர்ஸ் செய்ததுபோல, இன்னொரு வானத்தையும் இன்னொரு பாதாளத்தையும் சேர்க்க வேண்டாம். ஒரு பள்ளத்தாக்கு, ஓர் ஊர், ஒரு கோட்டை போதும். பிரெத்தின் விதிகள் அப்படியே இருக்கட்டும். ஏறலாம், எரிக்கலாம், உறையவைக்கலாம். ஆனால் பருவம் உண்மையாக மாறட்டும். வசந்தத்தில் நீங்கள் எரித்த புல்வெளி, மழைக்குப் பின் என்ன ஆனது என்று போய்ப் பார்க்க வேண்டியிருக்கட்டும். ஒக்கரினாவுக்கு அடுத்து வந்த மேஜோராஸ் மாஸ்கில் மூன்று நாட்கள் சுழன்றுகொண்டே இருக்கும். அஞ்சு, காஃபே என்ற காதலர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும், அவர்கள் நம்மை மறந்துவிடுவார்கள். அங்கே நமக்குத் தெரிந்ததுதான் சாவி. யாரும் எந்த வரிசையையும் கட்டாயப்படுத்தாமலே தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறக்கும். உங்களுக்குத் தெரிந்ததைக் கிராமத்தாரிடம் சொல்ல முடிகிற, சொன்னால் அவர்கள் மாறுகிற ஒரு லிங்க் வேண்டும். அல்லது, எகோஸ் ஆஃப் விஸ்டமில் 2024இல் நடந்ததுபோல, பெரிய விளையாட்டிலும் செல்டாவே நாயகியாக வரட்டும். பேசத் தெரிந்தவள் அவள்.

டன்ஜன்களில் உங்கள் கட்சிதான் நான். ஒக்கரினாவின் தண்ணீர்க் கோயிலைப் பலர் திட்டுவார்கள். ஆனால் மூன்று நீர்மட்டங்களும் அந்த ஒரே கட்டடத்தை எப்படி மாற்றுகின்றன என்று மனதுக்குள்ளேயே வரைந்து பார்க்க வேண்டியிருந்தது. அங்கேயும் திரும்பி வருவதுதான் விளையாட்டு: பார்த்த அறை, வேறு நீர்மட்டத்தில். டியர்ஸின் கோயில்களில் நான்கோ ஐந்தோ பூட்டுகளை இஷ்டம்போல் திறந்துவிட்டுப் போகிறோம், கட்டடம் மனதில் தங்குவதில்லை. தகர்க்க முடியாத சுவர்களோடு, பறக்க இடமில்லாத நான்கைந்து பெரிய டன்ஜன்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தால் போதும். அதற்காக 152 ஷ்ரைன்களையும் விட்டுக்கொடுக்கத் தயார்.

சின்னதாகச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரெத்துக்கும் டியர்ஸுக்கும் நடுவே ஆறு வருடம். ஒக்கரினாவின் உருவங்களை மறுபடி பயன்படுத்தியதால் மேஜோராஸ் மாஸ்க் ஒன்றரை வருடத்துக்குள் வந்தது. தொடரிலேயே விசித்திரமான விளையாட்டு அது என்பது தற்செயல் இல்லை. குறைந்த செலவில், குறைந்த காலத்தில் செய்கிறவர்களுக்குத் துணிச்சல் வரும்.

ஆயுதம் உடைவதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. கையிலிருப்பது உடைவதால்தான் தரையில் கிடப்பதை எடுத்துப் பார்க்கிறோம். பழுது பார்க்க ஒரு கொல்லர் ஊரில் இருந்தால், அவரிடம் திரும்பிப் போக நமக்கும் ஒரு சாக்கு.

தங்கைக்கு மினிஷ் கேப்பைக் கொடுங்கள். ஸ்விட்ச் ஆன்லைனின் எக்ஸ்பான்ஷன் பேக் சந்தாவில் கிடைக்கிறது. பழைய படங்கள் கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்றால் 2019இல் புதுப்பித்த லிங்க்ஸ் அவேக்கனிங். ஒரே ஒரு தீவு, சீக்கிரமே முழுதும் பழகிவிடும். எங்கே போவது என்று கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். இதுவரை எங்கெல்லாம் போனாய், எங்கே தடுத்தது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்.