காரைக்குடி காற்று: ஒரு செயலியில் 100, இன்னொன்றில் 150, எதை நம்புவது?

காற்றுத் தரம் காட்டும் இரண்டு செயலிகளில் எண் வேறுபடுகிறதே, ஆஸ்துமா உள்ள ஆத்தாவைக் காலை நடைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். அளவுகோல்தான் வேறு. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 (நுரையீரலுக்குள் புகும் நுண்துகள்) இருந்தால் இந்தியக் கணக்கில் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 100, 'திருப்திகரம்'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டிச் சிவப்பாகிவிடும், அதாவது 'உடல்நலத்துக்குக் கேடு'. ஆத்தாவுக்கு ஆஸ்துமா, அதனால் சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்குச் சொல்லும் வரம்பு வெறும் 15 மைக்ரோகிராம்.

சரிபார்க்க, செயலியில் அந்த எண்ணைத் தொட்டு உள்ளே பி.எம். 2.5 மைக்ரோகிராம் அளவைப் பாருங்கள். இரண்டு செயலியிலும் அது ஏறக்குறைய ஒன்றென்றால் அளவுகோல் வித்தியாசம்தான். இல்லையென்றால் எந்தக் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் அளவு என்று தேடுங்கள். பக்கத்தில் நிலையம் இல்லாத ஊருக்குச் சில செயலிகள் செயற்கைக்கோள் தகவலை வைத்துக் கணித்த எண்ணைப் போடும்.

இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் தெருமுனையில் குப்பை எரித்த அரை மணிப் புகை அதில் தெரியவே தெரியாது. கண் எரிந்தாலோ பிளாஸ்டிக் வாடை வந்தாலோ எண்ணைப் பார்க்க வேண்டாம், வெயில் ஏறிய பிறகு நடக்கட்டும்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்புக் கதவைச் சாத்தினால் போதாது. வளவு, அதாவது நடு முற்றம், திறந்தவெளி, புகை மேலிருந்தே இறங்கும். உள்ளறை ஒன்றில் கதவு, சன்னலைச் சாத்தி இருக்கச் சொல்லுங்கள். அங்கே கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கூடவே கூடாது.

வெளியே போயே ஆகவேண்டுமென்றால் என்95, மூக்குப் பட்டியை நன்றாக அழுத்தி. துணி முகக்கவசம் இதற்கு உதவாது. இன்ஹேலருக்கும் மூச்சிரைப்பு அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.