பற்றரி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது: ஒல்டர்னேற்றரை முழுதாக மாற்ற வேண்டுமா?

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் செய்வது ஒல்டர்னேற்றர். அதை முழுதாக மாற்றச் சொன்னாலும் இப்போதே சம்மதிக்க வேண்டாம். டாஷ்போர்டில் பற்றரி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, இரவில் முன்விளக்கு மங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதன் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றரையும் மட்டும் மாற்றுவதற்குப் புதியதன் விலையில் ஒரு பங்கே செலவாகும்.

மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், ஓடுகையில் 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். முன்விளக்கையும் ஏசியையும் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், பழுது சார்ஜ் ஆகும் பக்கத்தில்தான். ஆனால் அதற்கு முன், ஒல்டர்னேற்றரைச் சுழற்றும் பெல்ற்றின் இறுக்கத்தையும் முனைகளில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பையும் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் வாகனத்தில் இந்தக் கோளாறு வர அந்தக் களிம்பே போதும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்க எவரையும் விடாதீர்கள். பழைய கைப்பழக்கம் அது. ஒல்டர்னேற்றருக்குள் இருக்கும் டயோட்டோடு வாகனத்தின் கணினிப் பலகையும் எரிந்துபோகலாம்.

ஒல்டர்னேற்றரின் பெயரிங் இரைந்தாலோ உள்ளேயுள்ள கம்பிச்சுருள் கருகியிருந்தாலோ முழுதாக மாற்றுவதே சரி. அப்போது பொருளின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்கி, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்தது) ஒன்றின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். கணினியே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய வாகனமாயின், மேற்சொன்ன அளவுகள் சற்றுக் குறைந்தும் காட்டலாம்.