சாய்ந்த வேம்பை அறுக்கலாம், ஒட்டு மா விறகுக்குப் போகட்டும்

கேள்வி: கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் வரப்போர வேம்பு ஒன்றும் தோத்தாபுரி மாமரம் நான்கும் வேரோடு சாய்ந்துவிட்டன. விறகு வியாபாரி எல்லாவற்றையும் டன் கணக்கில் கேட்கிறார். மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்தால் கட்டுப்படியாகுமா? அடுத்த வருடம் வீடு கட்டும் எண்ணம் இருக்கிறது.
– விவசாயி, மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மாவை வியாபாரிக்குக் கொடுத்துவிடுங்கள். வேம்பில் அவர் கை வைக்க வேண்டாம்.

தோத்தாபுரி ஒட்டு மரம். மூன்று நான்கு அடியிலேயே கிளை பிரிந்துவிடும். அந்தக் குட்டைத் தடியில் என்ன பலகை கிடைக்கப்போகிறது? நாட்டு மாவாக இருந்து எட்டுப் பத்தடி நேராக ஓடியிருந்தால் யோசிக்கலாம். அதுவும் உடனே அறுத்தால்தான். மாந்தடியை ஈரத்தோடு போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். 'மழை விடட்டும்' என்று இரண்டு மாதம் போட்டுவைத்து, கடைசியில் அடுப்புக்கு அனுப்பியவன் நான்.

வைரம் பாய்ந்த வேம்பில் கரையான் சீக்கிரம் வாய் வைக்காது. அடித்தடியின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்: செம்பழுப்பாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளிறியிருப்பது வெள்ளை. அந்த வெள்ளைப் பகுதி கதவு நிலைக்கு உதவாது. நடுவில் பொந்து இருந்தாலோ, வைரம் பாதிகூட இல்லை என்றாலோ அதையும் விறகோடு சேர்த்துவிடலாம்.

நன்றாக இருந்தால் அளந்து பாருங்கள். தடியின் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 60 அங்குலச் சுற்று, 7 அடி நீளம் என்றால் சுமார் 11 கன அடி. கழிவு போக மிஞ்சுவதற்குக் கடையில் என்ன விலை என்று கேட்டு, அறுப்புக்கூலி, வண்டி வாடகையோடு ஒப்பிடுங்கள். சொந்த வீட்டு நிலைக்கும் சன்னலுக்கும் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஒரே ஒரு மரத்தை அறுத்து விற்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். சில்லறைச் சரக்குக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

வரப்போர மரம் அல்லவா, முள்கம்பி கட்ட அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். தேடிப் பிடுங்கிவிடுங்கள், ரம்பப்பட்டை அறுந்தால் மில்காரர் உங்கள் கணக்கில்தான் எழுதுவார். வெட்டுமுகம் இரண்டிலும் பழைய பெயின்ட் அடித்துவைத்தால் வெடிப்பு குறையும். அறுத்த பிறகு ஒரு அங்குலக் குச்சிகளை இடையில் கொடுத்து, காற்றோடும் நிழலில் அடுக்குங்கள். பலகைக்கு நான்கைந்து மாதம், நிலைக்கட்டைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

மில்லுக்கு ஏற்றும் முன் ஆசாரியைக் கூட்டிவந்து தடியைக் காட்டுங்கள். காய்ந்தால் சுருங்கும், எந்த அளவில் கூட்டி அறுக்க வேண்டும் என்று அவரே சுண்ணாம்பில் கோடு போட்டுத் தருவார்.