அண்ணாச்சி பதில்கள்: அஞ்சாயிரம் கோடி மார்க் ஸ்டாம்ப்

கேள்வி: அண்ணாச்சி, எங்க தாத்தா டிரங்குப் பெட்டில ஒரு ஸ்டாம்ப் ஆல்பம் இருந்துச்சு. ஜெர்மனி பக்கத்துல பாத்தா நம்பர் மேல நம்பர் அடிச்சி என்னமோ மில்லியார்டன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா? நல்ல வெலைக்குப் போவுமா?
— வாசகர், வீரவநல்லூர்

பதில்: பிழையெல்லாம் இல்ல தம்பி, அது 1923. மொத உலகச் சண்டையில தோத்த நாடு, நஷ்டஈடு வேற கட்டணும், அந்த வருசம் ஜனவரில பிரான்சும் பெல்ஜியமும் ரூர் சுரங்கப் பக்கம் பட்டாளத்த எறக்கிட்டாங்க, அங்க வேலைக்குப் போவாம எதிர்ப்புக் காட்டுன தொழிலாளிக்கெல்லாம் சம்பளம் குடுக்க அரசாங்கம் நோட்டா அடிச்சித் தள்ளிச்சி, பொறவு வெலைவாசி என்னத்துக்கு ஆவும். ஸ்டாம்ப் அச்சாபீஸ்லேருந்து கவுண்டருக்கு வந்து சேருறதுக்குள்ள தபால் கட்டணம் ஏறிப்போச்சு, அதனால பழைய ஸ்டாம்ப் மேலயே புது வெலையக் கறுப்பா அடிச்சாங்க. 200 மார்க் (மார்க்னா அங்க உள்ள பணம்) ஸ்டாம்ப்புல 20 லட்சம்னு ஓவர்பிரிண்ட் இருக்கும், உங்க ஆல்பத்துலயும் இருக்கான்னு பாருங்க. உச்சம் எதுன்னா 50 மில்லியார்ட், நம்ம கணக்குல 5,000 கோடி. நவம்பர் 15ஆம் தேதி ரென்டன்மார்க்னு புதுப் பணம் வந்துச்சு, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். அந்த 5,000 கோடி ஸ்டாம்ப்புக்கு 5 பைசாதான் (அங்க ஃபெனிக்னு சொல்லுவாங்க) பெறுமானம்னு வைங்களேன்.

வெலையா? முத்திரை விழாத ஸ்டாம்ப் குப்பை மாதிரி கெடைக்கும், டீக்காசுக்கு மேல எதிர்பாக்காதிய. அந்த நாளுலயே முத்திரை விழுந்ததுக்குத்தான் மவுசு, ஏன்னா கொஞ்ச நாளுதான் புழக்கத்துல இருந்துச்சு. அதனாலயே கள்ள முத்திரை அடிச்சி விக்கிற ஆளும் உண்டு, முத்திரை அசல்னு சர்டிபிகேட் இல்லாம கூடுதல் காசு குடுத்துராதிய.

கேள்வி: ஜெர்மனிங்கிற ஒரே நாட்டு ஸ்டாம்ப்புல ஏன் இத்தன பேரு? எப்படி ஆல்பத்துல அடுக்க?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: படத்தப் பாக்காதிய தாயி, பேரப் பாத்தே அடுக்குங்க, சரித்திரம் தானா வரிசையில வந்து நிக்கும். டாய்ச்சஸ் ரைஷ் (ஜெர்மன் பேரரசு)ங்கிற பேரு ராஜா காலத்துலயும் இருந்துச்சு, 1918ல ராஜா ஓடுன பொறவு குடியரசுலயும் இருந்துச்சு, ஹிட்லர் வந்தும் மாறல, 1943லதான் 'பெரிய'ங்கிற அடைமொழிய முன்னால ஒட்டி குரோஸ்டாய்ச்சஸ் ரைஷ்னு போட்டாங்க. ரெண்டே வருசம், கத முடிஞ்சிது. 1945ல சாக்சனி பக்கம் சில ஊருல புது ஸ்டாம்ப் அடிக்க வழியில்ல, கையில கெடந்தது பூரா ஹிட்லர் தல போட்டதுதான், அதனால மொகத்துல கறுப்பு மையப் பூசி வித்தாங்க. கொஞ்சம் சரிச்சி வெளிச்சத்துல பிடிச்சா சிலதுல மைக்கு அடியில மீசை தெரியும்!

பொறவு 1949ல நாடே ரெண்டாச்சு. மேற்குல டாய்ச்ச புண்டஸ்போஸ்ட் (அந்த அரசாங்கத் தபால் துறை பேரு), கெழக்குல டி.டி.ஆர். (கெழக்கு ஜெர்மனியோட சுருக்கப் பேரு), மேற்கு பெர்லினுக்குத் தனி ஸ்டாம்ப். 1990 அக்டோபர் 3ல ஒண்ணாச் சேந்தாச்சு, ஆனா புண்டஸ்போஸ்ட்ங்கிற பேரப் போட்டுத்தான் இன்னும் அஞ்சு வருசம் ஓட்டுனாங்க, வெறும் டாய்ச்லாண்ட் (ஜெர்மனி)னு வந்தது 1995லதான்.

நகம் அளவுல ஒரு நீல ஸ்டாம்ப், 2 பைசா, கண்ணுல பட்டா தூரப் போட்றாதிய. ரஷ்யாக்காரன் 1948 ஜூன்ல, கெழக்குக்கு நடுவுல கெடந்த மேற்கு பெர்லினுக்கு ரோட்டையும் ரயிலையும் அடச்சிட்டான், சாப்பாட்டுலேருந்து எல்லாச் சாமானும் அங்க பிளேன்ல போச்சு, அந்த ஊருக்கு உதவன்னு மேற்கு ஜெர்மனில கடுதாசிக்குக் கூடுதலா இந்த வரி ஸ்டாம்ப்பையும் ஒட்டணும்னு சட்டம். 1956 வரைக்கும் ஒட்டுனாங்க.

கேள்வி: ஸ்டாம்ப்ப வச்சிக்கூட சண்ட போட்டாங்களாமே?
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஆமா, போட்டாங்க. 1953ல மேற்கு ஜெர்மனி, போர்க் கைதிகள மறக்காதியன்னு முள்ளுக்கம்பிக்குப் பின்னால ஒரு ஆளு மொகத்தப் போட்டு ஸ்டாம்ப் விட்டுச்சு. அதெல்லாம் ரஷ்யாவுல கெடக்க கைதிங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ரஷ்யா பக்கம் நின்ன கெழக்குக்காரனுக்குக் கோவம் வந்துட்டு. அந்த ஸ்டாம்ப் ஒட்டுன கடுதாசில மையப் பூசுனான், இல்லன்னா திருப்பி அனுப்பிட்டான். இப்ப அப்படி மை பூசுன கவருக்குத்தான் போட்டி.

கேள்வி: எங்க ஊரு பேரே டோனாங்கிற ஜெர்மனிக்காரரு பேருதான். நம்ம பக்கம் ஊழியம் செஞ்ச ஜெர்மன் பாதிரியார் ரேனியஸ் அய்யா காலத்து ஸ்டாம்ப் கெடைக்குமா?
— வாசகர், டோனாவூர்

பதில்: கெடைக்காது தம்பி. ரேனியஸ் பாளையங்கோட்டையில எறந்தது 1838, உலகத்துல மொத ஸ்டாம்ப்பே 1840லதான் இங்கிலாந்துல வந்துச்சு, ஜெர்மன் பக்கம் பவேரியா விட்டது 1849ல. வேற வழி சொல்லுதேன். அவரு பொறந்தது பிரஷ்யாங்கிற ஜெர்மன் ராஜ்ஜியத்துல கிரௌடன்ஸ் ஊரு, 1920ல அது போலந்துக்குப் போயிட்டு. பக்கத்துல மாரியன்வெர்டர்ங்கிற ஊரச் சுத்துன பகுதியில, நீங்க ஜெர்மனியோட இருக்கியளா போலந்தோட போறியளான்னு அதே வருசம் ஜூலைல சனங்கள்ட்ட ஓட்டுக் கேட்டாங்க, அதுக்குன்னே தனி ஸ்டாம்ப் விட்டாங்க. ஜெர்மனிதான் ஜெயிச்சிது. அதுல ரெண்டு மூணு வாங்கி வைங்க, சாதாரண வகை ரொம்ப வெல ஆவாது.

கேள்வி: டி.டி.ஆர். ஸ்டாம்ப்புல முத்திரை இருக்கு, பின்னால பசையும் அப்படியே இருக்கு. டூப்ளிகேட்டா?
— மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரிஜினல்தான். ஸ்டாம்ப் சேக்கிறவங்களுக்கு விக்கன்னே முத்திரையக் குத்தி அனுப்புனது, எந்தக் கடுதாசியிலயும் ஒட்டுனதில்ல. பசை இருக்கதால தண்ணில மட்டும் போட்றாத.